எஞ்சின் மாறியது, மேக்ரோ நின்றது

டி-ராஃப் என்ற பழைய டைப்செட்டிங் மென்பொருளிடம் ஒரு நீண்ட கட்டுரையை அப்படியே கொடுத்துப் பாருங்கள். வரிகளை நிரப்பும். இரண்டு ஓரத்தையும் நேராக்கும். இடம் போதாவிட்டால் சொல்லை உடைத்துச் சிறுகோடு போடும். அதோடு சரி. தாளின் தலையிலும் காலிலும் வெற்றிடம் விடாது, பக்க எண் போடாது, அடிக்குறிப்பு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. எழுத்து தாளின் விளிம்பு வரை ஓடி அடுத்த தாளின் உச்சியில் தொடரும். இதைக் குறை என்று சொல்ல முடியாது. எழுதிய ஜோ ஒசான்னா அப்படித்தான் இருக்கட்டும் என்று விட்டார். பக்கம் எப்படி அமைய வேண்டும் என்பதை அவரவர் மேக்ரோ எழுதிச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மேக்ரோ ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. பத்துக் கட்டளைகளைச் சேர்த்துக் கட்டி ஒரு பெயர் வைத்தால் அது மேக்ரோ. அப்படி நூறு மேக்ரோக்களை ஒரே கோப்பில் போட்டு, மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தால் அது மேக்ரோ தொகுப்பு. வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் செய்துகொடுக்கும் சென்னைக் கம்பெனிகளில்தான் என் உத்தியோக காலம் முழுக்கப் போனது. கணக்கில் பட்டம் வாங்கியிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்ததே இந்த மேக்ரோக்களால்தான். எங்கள் தொழிலில் பெரிய பெயர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் எஞ்சினை, அதாவது அடியில் ஓடும் டைப்செட்டிங் நிரலை, எழுதியவர்களைத்தான் சொல்வார்கள். அந்த எஞ்சின்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. கட்டுரையாளர் தட்டச்சு செய்து அனுப்பும் கட்டளைகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் யார், எந்த அவசரத்தில் வைத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்ற ஊர். அங்கிருந்த பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய குழுவினர், ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்தும் ஏற்பாட்டை உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லித்தான் ஒரு பிடிபி-11 கணினியை வாங்கினார்கள். 1971-ல் முதல் வாடிக்கையாளராக வந்தது அதே நிறுவனத்தின் காப்புரிமைத் துறை. காப்புரிமை விண்ணப்பம் என்றால் பக்கத்தின் வரிகளுக்கு எண் போட வேண்டும். யூனிக்ஸ்காரர்களின் நிரல் அதைப் போட்டது. புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை, மற்றதெல்லாம் எழுத்து என்ற வழக்கம் அவர்களுக்கும் மூத்தது. எம்ஐடியில் ஜெரோம் சால்ட்ஸர் 1964-ல் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரலிலிருந்து வழிவழியாக வந்தது அது.

1973 வாக்கில் அவர்களிடம் ஓர் ஒளியச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. கிராஃபிக் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி செய்தது, பெயர் கேட். உள்ளே சுழலும் சக்கரத்தில் நான்கு ஃபிலிம் பட்டைகள், ஒவ்வொன்றிலும் 102 எழுத்துருவங்கள். வேண்டிய உருவம் நேரே வரும்போது ஒளி பளிச்சிடும், அது ஒளிப்படத் தாளில் பதியும், பிறகு தாளை ரசாயனத்தில் கழுவி எடுக்க வேண்டும். இதை ஓட்டத்தான் ஒசான்னா டி-ராஃபை எழுதினார். நினைவகம் சிறியது என்பதால் கட்டளைக்கும் மேக்ரோவுக்கும் அதிகபட்சம் இரண்டெழுத்துப் பெயர்தான். அந்த இரண்டெழுத்துச் சிக்கனத்துக்குள் அவர் இரண்டு அருமையான வசதிகளை வைத்தார். ஒன்று பொறி: எழுத்து பக்கத்தின் இன்ன ஆழத்துக்கு வந்ததும் இன்ன மேக்ரோவை ஓட்டு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். இன்னொன்று திருப்பிவிடுதல்: வரும் எழுத்தைத் தாளுக்கு அனுப்பாமல் ஒதுக்கிவைத்து, அதன் உயரத்தை அளந்து, வேண்டும்போது எடுத்து இறக்கலாம்.

அடிக்குறிப்பு எப்படி விழுகிறது என்று இந்த இரண்டையும் வைத்தே சொல்லிவிடலாம். குறிப்பின் எழுத்து முதலில் ஒதுக்கிவைக்கப்படும். அதன் உயரம் எவ்வளவோ அந்த அளவுக்குப் பக்க அடிப் பொறி மேலே நகரும். எழுத்து அங்கே வந்து இடித்ததும் பொறி வெடித்து, ஒதுக்கிவைத்த குறிப்பு கீழே இறங்கும், பக்க எண் விழும், புதுத் தாள் தொடங்கும். கேட்க எளிது. குறிப்பின் எண் ஒரு பக்கத்தின் கடைசி வரியில் வந்து, குறிப்பு மூன்று வரி நீளமாக இருந்தால் என்ன செய்வது? ஒரே வரியில் இரண்டு குறிப்பு வந்தால்? இந்தக் கேள்விகளை எஞ்சின் கேட்டுக்கொள்ளாது. மேக்ரோ எழுதுகிறவர் தலையில்தான் விழும்.

முதலில் அதைத் தலையில் ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர் மைக் லெஸ்க். அவர் எழுதிய எம்எஸ் தொகுப்பு 1970-களின் நடுவில் ஆய்வகத்துக்குள் பரவியது. டிஎல் என்றால் கட்டுரைத் தலைப்பு, ஏயூ என்றால் ஆசிரியர், என்எச் என்றால் எண் இட்ட பிரிவுத் தலைப்பு, பிபி என்றால் பத்தி. எண்ணைத் தொகுப்பே போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு பிரிவைச் செருகினால் பின்னால் வருபவை எல்லாம் தாமாக மாறிக்கொள்ளும். அந்தத் தொகுப்பைத் திறந்து பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதற்குள் இருந்த அலுவலக வாசனை. டிஎம் என்று போட்டால் பெல் ஆய்வகத்தின் தொழில்நுட்பக் குறிப்புக்கான முகப்புத் தாள் வரும். எம்எச் என்று போட்டால் மரே ஹில் அலுவலக முகவரி, எச்ஓ என்றால் ஹோம்டெல் அலுவலக முகவரி. உலகம் முழுக்கப் பரவப்போகிறது என்று நினைத்து எழுதிய கோப்பாக அது தெரியவில்லை. பக்கத்து அறைக்காரரின் குறிப்பு சரியான முகவரியோடு வெளியே போக வேண்டும் என்ற அக்கறைதான் தெரிகிறது.

மற்ற தொகுப்புகளும் இப்படிப் பிறந்தவைதான். பெர்க்லியில் மாணவராக இருந்த எரிக் ஆல்மன் எம்இ என்ற தொகுப்பை எழுதினார். பின்னாளில் செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை எழுதிப் புகழ்பெற்ற அதே ஆல்மன். எம்இயில் டிஎச் என்று ஒரு மேக்ரோ உண்டு. அதைப் போட்டால் பெர்க்லி பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் அளவில் ஆய்வேடு வரும். பெல் நிறுவனத்தின் பெரிய அலுவலகப் பிரிவுகளுக்காக டேல் ஸ்மித்தும் ஜான் மாஷியும் எம்எம் என்ற தொகுப்பைச் செய்தார்கள். பட்டியல், படிநிலைத் தலைப்பு, பொருளடக்கம் என்று அலுவலகத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. பின்னாளில் ஏடி அண்ட் டி காசுக்கு விற்ற தொகுப்பு அதுதான். யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களுக்கு மேன் என்று தனியாக ஒன்று வந்தது.

ஆக, ஒரே எஞ்சினின் மேல் நான்கு ஊர்வழக்கு. எம்எஸ்ஸில் எழுதிய கட்டுரையை எம்எம்மில் ஓட்ட முடியாது. எல்லோரும் டி-ராஃபில் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் டி-ராஃபில் எழுதியவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் லெஸ்க் மொழியிலும் ஆல்மன் மொழியிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒசான்னா 1977-ல் இறந்துபோனார். கேட் இயந்திரம் வழக்கொழிந்தது. பிரையன் கெர்னிஹான் அந்த நிரலை உள்ளே புகுந்து திருத்தி, எந்த அச்சு இயந்திரத்துக்கும் பொருந்தும்படி 1979 வாக்கில் மாற்றினார். 1990-ல் ஜேம்ஸ் கிளார்க் பழைய நிரலின் ஒரு வரியைக்கூட எடுக்காமல், சி பிளஸ் பிளஸ் மொழியில் ஜி-ராஃப் என்று புதிதாக எழுதினார். ஆக, அடியில் இருந்தது மொத்தமாக வேறு ஆகிவிட்டது. டிஎல், ஏயூ, பிபி மட்டும் பிழைத்தன. எழுபதுகளின் எம்எஸ் கட்டுரையை இன்று ஜி-ராஃபில் ஓட்டினால் பெரும்பாலும் ஓடும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனிகளுக்குச் சோறு போட்டது டி-ராஃப் இல்லை, டெக் என்ற இன்னொரு எஞ்சின். அதன் கதையும் பக்க வேலையில்தான் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான டொனால்ட் குனூத் எழுதிய கணினி நிரலாக்க நூல்வரிசையின் முதல் தொகுதிகள் ஈய அச்சில் அழகாக வந்திருந்தன. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்புத் தாள் 1977-ல் கைக்கு வந்தபோது அவருக்கு மனசே விட்டுப்போனது. பதிப்பாளர் ஒளியச்சுக்கு மாறியிருந்தார்கள். எழுத்தும் இடைவெளியும் பழைய பதிப்பின் பக்கத்தில் வைக்க முடியாதபடி இருந்தன. எழுத்து என்பது புள்ளிகளின் கூட்டம் என்றால் அது கணினிக்காரன் வேலை என்று முடிவு செய்து, அந்த ஆண்டு மே மாதத்தில் டெக்குக்கான திட்டத்தை எழுதினார். 1978-ல் கிடைத்த விடுப்பில் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. எண்பதுகள் முழுக்க அது அவரை விடவில்லை.

மேக்ரோ வசதி டெக்கில் முதலிலிருந்தே இருந்தது, ஆனால் சிறிதாக. கை ஸ்டீல் போன்ற நிரலாளர்கள் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று நச்சரித்ததில் அது வளர்ந்தது. 1982-ல் திருத்தி எழுதிய டெக்கில் ஏறத்தாழ 300 அடிப்படைக் கட்டளைகள். அவற்றின் மேல் குனூத்தே சுமார் 600 மேக்ரோக்களைக் கட்டி, பிளெயின் என்று பெயர் வைத்தார். எஞ்சினை எழுதியவரே அதை வெறுமனே கொடுக்கத் துணியவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அமெரிக்கக் கணிதக் கழகம் டெக்கை விரைவாகப் பற்றிக்கொண்டது. கணித ஆசிரியர் மைக்கேல் ஸ்பிவாக் அவர்களுக்காக ஏஎம்எஸ்-டெக் என்ற தொகுப்பை எழுதினார். பல வரிச் சமன்பாடுகளைச் சமக்குறிக்கு நேராக நிறுத்துவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் சமன்பாட்டுக்கு எண் போடுவது, பின்னால் அந்த எண்ணைச் சுட்டுவது எல்லாம் எழுதுகிறவர் பாடு.

அந்தப் பாட்டைத் தீர்த்தவர் லெஸ்லி லாம்போர்ட். கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். ஒரே நேரத்தில் ஓடும் பல நிரல்களைப் பற்றிப் புத்தகம் எழுத நினைத்தார், அதற்கு மேக்ரோக்கள் வேண்டியிருந்தன, எழுதினார். கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் மற்றவர்களுக்கும் ஆகுமே என்று தோன்றியது. அதுதான் லேடெக். கார்னகி மெலனில் பிரையன் ரீட் செய்த ஸ்கிரைப் என்ற மென்பொருளிலிருந்து அவர் ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டார்: எழுதுகிறவர் இது பிரிவுத் தலைப்பு, இது தேற்றம், இது பட்டியல் என்று மட்டும் சொன்னால் போதும். எத்தனை பாயின்ட், எவ்வளவு இடைவெளி என்பது வேறு கோப்பின் பொறுப்பு. 1986-ல் அவருடைய கையேட்டை அடிசன்-வெஸ்லி வெளியிட்டது. அதைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்கள் என்று அவர் முதலில் நினைக்கவே இல்லை.

அந்த வேறு கோப்பில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. அதை ஸ்டைல் ஃபைல் என்போம், பிறகு கிளாஸ் ஃபைல் ஆனது. ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருக்கும் பதிப்பாளர் ஒவ்வோர் இதழுக்கும் ஒன்று அனுப்புவார். கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் கிளாஸ் பெயரை மாற்றினால், ஒற்றைப் பத்தியாக இருந்தது இரட்டைப் பத்தியாகும், தலைப்பு தடித்த எழுத்திலிருந்து சாய்வெழுத்துக்குப் போகும், நூற்பட்டியலின் ஒழுங்கு மாறும். சொல்லும் அளவுக்குச் சுகமாக அது ஒருநாளும் நடந்ததில்லை. இயற்பியல்காரர்கள் ஆளுக்கொரு சொந்த மேக்ரோ வைத்திருப்பார்கள். சமன்பாடு தொடங்கப் பிஇ, முடிக்க இஇ என்று சுருக்கிவிடுவார்கள். கருத்தரங்கத் தொகுதியில் முப்பது பேர் கட்டுரையை ஒன்றாகச் சேர்த்தால், ஒருவருடைய பிஇ இன்னொருவருக்கு வேறு பொருளாக இருக்கும், கம்பைல் நடுவழியில் நிற்கும். இன்னும் சிலர் தலைப்பைத் தலைப்பு என்று சொல்லாமல், நடுவில் வை, தடிமனாக்கு, கீழே அரை அங்குலம் விடு என்று கையாலேயே அலங்கரித்திருப்பார்கள். கிளாஸ் ஃபைல் அதைத் தொடாது, அது தலைப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? அதையெல்லாம் உரித்து, உள்ளே இருப்பது என்ன என்று கண்டுபிடித்து, சரியான கட்டளையை வைப்பதுதான் புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு நாங்கள் கொடுக்கும் முதல் வேலை. சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் என்று தெற்கில் பல ஊர்களில் இந்த வேலை நடந்தது. 1998-ல் இந்திய டெக் பயனாளர் குழு திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டதும், 2002 செப்டம்பரில் உலக டெக் மாநாடு அங்கே கூடியதும் இந்தப் பின்னணியில்தான்.

லேடெக்குக்கும் டி-ராஃபின் தொகுப்புகளுக்கு வந்த நிலைமை வந்தது. ஆளாளுக்கு ஒரு கிளை வெட்டினார்கள். கணிதக்காரர்களுக்கு ஒன்று, திரையில் காட்டும் தாள்களுக்கு ஒன்று, புது எழுத்துரு முறைக்கு ஒன்று. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடவில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஃபிராங்க் மிட்டல்பாக், ரைனர் ஷோப் என்ற இருவர் இந்தக் குறைகளைப் பட்டியலிட்டுக்கொண்டு 1989-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த மாநாட்டுக்குப் போனார்கள். லாம்போர்ட் வாதாடவில்லை. பராமரிப்பை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். 1994-ல் லேடெக் 2இ வந்து கிளைகளை ஒன்று சேர்த்தது. தலைப்பும் அமைப்பும் கிளாஸுக்கு, கூடுதல் வசதிகள் பேக்கேஜுக்கு என்ற பிரிவினை அப்போதுதான் சட்டமானது. மூன்றாம் பதிப்பு வரும்வரை தற்காலிகம் என்று சொல்லித்தான் அதை வெளியிட்டார்கள். அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டு தாண்டி நடக்கிறது. மூன்றாம் பதிப்புக்காக எழுதியதை 2020-லிருந்து அதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

இதற்கிடையில் குனூத் 1990-ல் டெக்கை மூடி முத்திரை வைத்தார். இனி புது வசதி கிடையாது, பிழை திருத்தம் மட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண் பை என்ற கணித மாறிலியை நோக்கி ஓர் இலக்கம் நகரும். தன் மரணத்தோடு எண் பையாகவே ஆகிவிடும், அதன்பின் மிச்சமுள்ள பிழைகள் எல்லாம் டெக்கின் இயல்பு என்று கொள்க என்று அறிவித்தார். மேலே மேக்ரோ கட்ட வழி இருக்கும்போது அடியைத் தொடத் தேவையில்லை என்பது அதன் உள்ளர்த்தம். அழகான வாதம். ஆனால் மேக்ரோவால் முடியாதவை இருந்தன.

தமிழே அதற்கு நல்ல சாட்சி. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே டெக்குக்காகத் தமிழ் எழுத்துரு செய்திருந்தார். எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது. ‘கொ’ என்று எழுத, மெய்க்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் வர வேண்டும். தட்டச்சில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்கும் எஞ்சினிடம் இதைச் செய்விக்கச் சுற்றி வளைக்க வேண்டும். 2004-ல் ஜொனாதன் கியூ வெளியிட்ட ஸீடெக் யூனிகோடை நேரே வாங்கிக்கொண்டு, எழுத்துச் சேர்க்கையை எழுத்துருவின் விதிகளுக்கே விட்டுவிட்டது. அதற்கு எஞ்சினைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன்பே வியட்நாமியரான ஹான் தே தான், செக் நாட்டின் பிர்னோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, நேரே பிடிஎஃப் தரும் பிடிஎஃப்டெக்கைச் செய்திருந்தார். பிறகு லுவாடெக் வந்தது.

இன்று லேடெக் கட்டுரை அனுப்பும் எந்த ஆய்வாளரும் குனூத் முத்திரை வைத்த டெக்கை ஓட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு அது தெரியவும் தெரியாது. வீட்டுக்காரர் மூன்று முறை மாறினார், குடித்தனக்காரர் சாமானைக்கூட நகர்த்தவில்லை. என்றென்றைக்கும் என்று கட்டியது பெயர் மாறி, உரு மாறிப் போயிற்று. புத்தக வேலைக்கும் அலுவலகக் குறிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் என்று கட்டியவை நின்றன. எஞ்சின் பேசுவது இயந்திரத்தோடு, இயந்திரம் மாறினால் அதுவும் மாற வேண்டும். மேக்ரோவின் பெயரை எழுதுகிறவர் விரல் பழகிவிடுகிறது. அதை மாற்றத் துணிகிற எஞ்சினை யாரும் சீண்டமாட்டார்கள்.

எல்லா மேக்ரோவும் இப்படிப் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹோம்டெல் முகவரி மேக்ரோவை இன்று யார் கூப்பிடப்போகிறார்கள்? தடிமனாக்கு, இத்தனை அங்குலம் தள்ளு என்ற வகையும் தாளோடு போயிற்று. யூனிக்ஸ் கையேட்டில் இதை வெகு சீக்கிரம் கண்டுகொண்டவர் பெர்க்லியின் சிந்தியா லிவிங்ஸ்டன். பழைய மேன் தொகுப்பில் எழுதுகிறவர் இந்தச் சொல்லைத் தடிமனாக்கு என்று சொல்வார். அவர் 1990-ஐ ஒட்டிச் செய்த எம்டாக் தொகுப்பில் இது நிரலின் பெயர், இது கோப்பின் பாதை, இது விருப்பத்தேர்வு என்று சொல்ல வேண்டும். அன்று பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் அச்சாகும். பிற்காலத்தில் கையேடுகளைத் தேடுபொறிக்குள் போட நேர்ந்தபோது, எம்டாக்கில் எழுதியதை மட்டும் இன்ன விருப்பத்தேர்வு எங்கே வருகிறது என்று கேட்டுத் தேட முடிந்தது.

லேடெக் இப்போது அதே கட்டத்தில் நிற்கிறது. கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பு மென்பொருள், பிடிஎஃப்பில் எது தலைப்பு, எது பத்தி, எது சமன்பாடு என்று அறிய உள்ளே குறியீடு வேண்டும். அதைத் தானாகப் பதிக்கும் பெரும்பணியை லேடெக் குழு 2020-லிருந்து செய்துவருகிறது. பிரிவுத் தலைப்பை லாம்போர்ட் வைத்த பெயரால் குறித்த ஒரு பழைய கட்டுரைக்கு, அதன் பேக்கேஜுகள் ஒத்துழைத்தால், ஆரம்பத்தில் ஒரு வரி சேர்த்தாலே பெரும்பாதி வேலை முடிந்துவிடும். கையால் தடிமனாக்கி நடுவில் வைத்த தலைப்பு அந்த வாசகருக்குத் தலைப்பாகவே கேட்காது. அதை மாற்ற ஒரு ஆள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கு அந்த வேலை இன்னும் சில காலம் வந்துகொண்டிருக்கும்.